காட்டாத முகம்



இன்று நான் பேச வந்திருப்பது 1959-இல் வெளிவந்த 'பென்ஹர்' படத்தைப் பற்றி. அந்தப் பெயரைச் சொன்னதுமே உங்களில் பலருக்கு நான்கு வெள்ளைக் குதிரைகள் கண்முன் வந்திருக்கும். புழுதி பறக்கும், சக்கரத்தோடு சக்கரம் உரசும், கூட்டம் எழுந்து நின்று கத்தும். அந்தத் தேர்ப்பந்தயத்துக்கு நானும் வருவேன். அதற்கு முன்னால் படத்தின் தொடக்கத்தில் வரும் சில நொடிகளைச் சொல்லியாக வேண்டும்.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் படங்கள் எப்படித் தொடங்கும் என்பது சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பொன்வளையத்துக்குள் ஒரு சிங்கம் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கும். அந்தக் கர்ஜனைதான் அந்த நிறுவனத்தின் கையெழுத்து. ஆனால் 'பென்ஹர்' படத்தில் சிங்கம் கர்ஜிப்பதில்லை. வாய் மூடி, அசையாத படமாக நிற்கிறது. அடுத்து வரப்போவது பெத்லகேமில் ஒரு குழந்தை பிறக்கும் காட்சி. அதற்கு முன்னால் ஒரு விலங்கின் உறுமல் கேட்கக்கூடாது என்று இயக்குநர் வில்லியம் வைலர் நினைத்தார். நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

ஹாலிவுட் அதுவரை எடுத்தவற்றிலேயே மிக அதிகச் செலவில் உருவான படம், தன் நிறுவனத்தின் சிங்கத்தை வாய்மூடச் சொல்லித் தொடங்குகிறது! இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். 'பென்ஹர்' பிரம்மாண்டமான படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதை இத்தனை காலம் வாழவைத்திருப்பது அதன் அடக்கம் என்பது என் துணிபு. எதைக் காட்டினார்கள் என்பதைவிட எதைக் காட்டாமல் விட்டார்கள் என்பதில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது.

கதையின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த நாவலை எழுதியவர் லூ வாலஸ். தொழில்முறை எழுத்தாளர் இல்லை, வழக்கறிஞர், படைத்தளபதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் நின்று போரிட்டவர். 1862-இல் நடந்த ஷைலோ போரில் அவருடைய படைப்பிரிவு களத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. அந்தப் போரில் சிந்திய ரத்தத்துக்குப் பழியில் ஒரு பங்கு அவர் தலையில் விழுந்தது. தன்மேல் தவறில்லை என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் எழுதிய கதையின் முடிச்சு என்ன? மாடியிலிருந்து தவறுதலாக ஓர் ஓடு விழுகிறது. ரோமானிய ஆளுநர் அடிபடுகிறார். யூதா பென்ஹர் என்ற இளைஞன் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டுக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாகிறான். எழுதியவரின் காயம் எந்த இடத்தில் கதைக்குள் புகுந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாவலின் கடைசிப் பகுதிகளை, நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராக இருந்தபோது, சான்டா ஃபேயின் பழைய ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்து எழுதி முடித்தார். 1880 நவம்பரில் புத்தகம் வெளிவந்தது. அதுவரை அவர் பாலஸ்தீனத்தை நேரில் பார்த்ததே இல்லை. வரைபடங்களையும் நூல்களையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கல்லையும் கிணற்றையும் கட்டினார். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வரும் மூன்று ஞானிகளில் ஒருவரை எகிப்தியராகவும், ஒருவரைக் கிரேக்கராகவும், மெல்கியோர் என்பவரை நம் இந்திய நாட்டு இந்துவாகவும் படைத்தார். பெத்லகேம் தொழுவத்தின் முன்னால் உலகமே வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

புத்தகம் அமெரிக்காவெங்கும் பரவியது. நாடகமாக்க அனுமதி கேட்டு வந்தவர்களை வாலஸ் நெடுங்காலம் மறுத்துக்கொண்டே இருந்தார். காரணம் ஒன்றுதான்: கிறிஸ்துவை ஒரு நடிகன் வேடமிட்டு மேடையில் நடிப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. கடைசியில் 1899-இல் ஒரு வழி கண்டார்கள். கிறிஸ்து வர வேண்டிய இடத்தில் மேடைமீது ஓர் ஒளிக்கற்றை மட்டும் விழும். உடல் கிடையாது, முகம் கிடையாது, வெறும் வெளிச்சம். அதே நாடகத்தில் தேர்ப்பந்தயத்துக்கு உயிருள்ள குதிரைகளையே மேடையில் ஓடவிட்டார்கள். காலுக்கடியில் தளம் பின்னோக்கி உருள, குதிரைகள் நின்ற இடத்திலேயே நான்குகால் பாய்ச்சலில் ஓடின. ஒரே மேடையில் ஒருபக்கம் கனத்த குதிரைகள், மறுபக்கம் தொட முடியாத வெளிச்சம். பின்னால் வந்த படங்களுக்கான விதி அந்த மேடையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

பிறகு சினிமா வந்தது. 1907-இல் கேலம் என்ற நிறுவனம் யாரிடமும் அனுமதி வாங்காமல் இந்தக் கதையைச் சிறு மௌனப்படமாக எடுத்தது. பதிப்பகத்தார் வழக்குத் தொடர்ந்தார்கள். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பகத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நாவலைப் படமாக்க வேண்டுமானால் உரிமை வாங்க வேண்டும் என்ற நிலை அமெரிக்காவில் உறுதியானது அந்தத் தீர்ப்பால்தான். எழுத்தாளனுக்குச் சினிமா பணம் கொடுக்கிறது என்றால் அதில் 'பென்ஹர்' நாவலுக்கும் பங்கு உண்டு.

1925-இல் எம்.ஜி.எம். இதை முழுநீள மௌனப்படமாக எடுத்தது. ஃப்ரெட் நிப்லோ இயக்கினார். ரமோன் நவாரோ நடித்தார். மௌனப்பட காலத்திலேயே மிக அதிகம் செலவான படம் அது. அதில் கிறிஸ்துவின் கை மட்டும் திரையில் வரும். மேடையில் வெளிச்சமாக இருந்தவர் படத்தில் ஒரு கையானார். அந்தப் படத்தின் தேர்ப்பந்தயத்தை எடுத்த நாளில் கூட்டத்தை ஒழுங்குசெய்யப் பல உதவி இயக்குநர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இருபத்து மூன்று வயது இளைஞர். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் பெயர் வில்லியம் வைலர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே கதை அவர் கைக்கு வந்தது.

அப்போது எம்.ஜி.எம். இருந்த நிலை வேறு. தயாரிப்பு நிறுவனங்கள் சொந்தமாகத் திரையரங்குகள் வைத்துக்கொள்ளக்கூடாது என்று 1948-இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்துவிட்டது. மக்களை வீட்டைவிட்டு வெளியே வரவைக்க வேண்டுமானால் வீட்டுப் பெட்டிக்குள் அடங்காத ஒன்றைக் காட்ட வேண்டும். 1953-இல் 'தி ரோப்' அகலத்திரையில் வந்தது. 1956-இல் செசில் பி. டெமிலின் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' செங்கடலைப் பிளந்து காட்டிப் பெரும் வசூல் செய்தது. தளர்ந்துபோயிருந்த எம்.ஜி.எம்., சுமார் 1.5 கோடி டாலரை இந்த ஒரே படத்தில் போட்டது. படம் தோற்றால் நிறுவனமே எழ முடியாமல் போயிருக்கும். திரை எவ்வளவு அகலம் தெரியுமா? உயரத்தைப்போல 2.76 மடங்கு. 65 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். 1958 மே மாதம் ரோம் நகரின் சினெசித்தா ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கி, 1959 ஜனவரியில் முடிந்தது.

இவ்வளவு பெரிய திரையை வைலர் கையில் கொடுத்தது விந்தையான முடிவு. அவர் வீட்டுக்குள் நடக்கும் கதைகளின் இயக்குநர். மாடிப்படியில் நிற்கும் ஒருவரையும் கீழே கதவருகே நிற்கும் இன்னொருவரையும் ஒரே ஷாட்டில் வைத்து ஒரு குடும்பத்தின் துயரத்தையே சொல்லிவிடுவார். போரிலிருந்து ஊர் திரும்பும் வீரர்களைப் பற்றி அவர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' அப்படிப்பட்ட படம்.

அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். 1902-இல் அல்சேஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படைக்காக ஆவணப்படம் எடுக்க, குண்டுவீச்சு விமானங்களில் ஏறிப் பறந்தார். 1945-இல் இத்தாலியின் வானில் பறந்தபோது விமான இரைச்சல் அவர் செவிப்புலனைப் பறித்தது. ஒரு காதின் கேட்கும் திறன் கடைசிவரை திரும்பவே இல்லை. எந்த நாட்டின் வானத்தில் காதை இழந்தாரோ, அந்த நாட்டு மண்ணிலேயே பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்து நின்று, ஒரு யூதனின் கதையை, பேரரசு ஒன்றின் காலடியில் மிதிபட்ட ஓர் இனத்தின் கதையைப் படமாக்கினார்.

படத்தின் முதல் பெரிய மோதல் வாளால் நடப்பதில்லை. சிறுவயது நண்பன் மெசாலா ரோமானிய அதிகாரியாக எருசலேமுக்குத் திரும்பி வருகிறான். யூதாவைக் கட்டித் தழுவுகிறான். இருவரும் பழைய உத்தரத்தில் ஈட்டி எறிந்து விளையாடுகிறார்கள். பிறகு மெசாலா கேட்கிறான்: ரோமை எதிர்ப்பவர்கள் யார் யார்? பெயர்களைச் சொல். யூதா மறுக்கிறான். நட்பு அந்த இடத்திலேயே முறிகிறது. 1947-இல் ஹாலிவுட் கலைஞர்களை விசாரணைக் குழு முன் நிறுத்தி, கம்யூனிஸ்டுகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லாதவர்கள் சிறை சென்றார்கள், தொழிலை இழந்தார்கள். அதை எதிர்த்துக் கருத்துரிமைக்காக ஒரு குழுவைத் தொடங்கியவர்களில் வைலரும் ஒருவர். 'பென்ஹர்' எடுத்த நாட்களிலும் அப்படி வேலை மறுக்கப்பட்டவர்களின் தடைப்பட்டியல் நடைமுறையில் இருந்தது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, ரோமைத் தாண்டி இன்னொரு அரசாங்கமும் என் கண்ணுக்குத் தெரிகிறது.

இனித் துடுப்புக் கப்பலுக்குள் இறங்குவோம். யூதாவுக்கு அங்கே பெயர் இல்லை. நாற்பத்தொன்று என்ற எண்தான். தளபதி குயின்டஸ் அரியஸ் துடுப்பு வலிப்பவர்களைச் சோதிக்கிறார். முன்னால் ஒருவன் மரச் சம்மட்டியால் தாளம் அடிக்கிறான். தளபதி சொல்லச் சொல்ல வேகம் கூடுகிறது. தாளம் ஏற ஏற, மிக்லோஷ் ரோஜாவின் இசையும் அதே லயத்தில் ஏறுகிறது. மனிதர்கள் சுருண்டு விழுகிறார்கள். அரியஸ் கண் கொட்டாமல் யூதாவை மட்டும் பார்க்கிறார். அந்த இசை நம் நாடித்துடிப்பையே ஓட்டிச் செல்கிறது. காட்சி முடியும்போது பார்த்த நமக்கே மூச்சு வாங்கும்.

இந்த இசையை நினைவில் வைத்துக்கொண்டு தேர்ப்பந்தயத்துக்கு வாருங்கள். தேர்கள் அணிவகுத்து வரும்வரை ரோஜாவின் எக்காளங்கள் முழங்குகின்றன. பந்தயம் தொடங்கியதும் இசை நின்றுவிடுகிறது. முடியும்வரை ஒரு சுரம்கூடக் கிடையாது. குளம்படி, சக்கரங்களின் கடகடப்பு, சாட்டை, கூட்டத்தின் இரைச்சல், இவ்வளவுதான். அந்தப் படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கிய மனிதர், படத்தின் உச்சகட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். 'இப்போது பயப்படு, இப்போது மகிழ்' என்று இசை நமக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் அந்த ஒன்பது நிமிடமும் பார்வையாளன் அந்த மணலிலேயே நிற்கிறான்.

அந்த மணல் நிஜமான மணல். சுமார் 18 ஏக்கரில் அரங்கத்தைக் கட்டினார்கள். ஒன்பது தேர்கள், தேருக்கு நான்கு குதிரைகள். பந்தயப் பகுதியை இயக்கியவர்கள் ஆண்ட்ரூ மார்ட்டனும் யகிமா கனட்டும். கனட் இளமையில் ரோடியோ குதிரைவீரர்; பிறகு ஸ்டண்ட் கலையையே ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். நாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கும் மெசாலாவாக நடித்த ஸ்டீஃபன் பாய்டுக்கும் தேர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். குதிரைகளைப் பழக்கியவர் க்ளென் ராண்டல். குதிரைகளுக்கென்றே கால்நடை மருத்துவர் ஒருவரும் உடனிருந்தார். பந்தயத்தை மட்டும் எடுக்க ஐந்து வாரம் ஆனது.

ஒரு காட்சியில், உடைந்து கிடக்கும் தேரைத் தாண்டி யூதாவின் தேர் பாய வேண்டும். ஹெஸ்டனுக்குப் பதிலாகத் தேரில் நின்றவர் கனட்டின் மகன் ஜோ. தேர் எகிறிய வேகத்தில் அவர் முன்பக்கமாகத் தூக்கியெறியப்பட்டார். எப்படியோ தேரின் முன்விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினார். தாடையில் சிறு காயத்தோடு பிழைத்தார். அந்த ஷாட்டை அவர்கள் வீசியெறியவில்லை. ஹெஸ்டன் மீண்டும் தேருக்குள் ஏறுவதைத் தனியாக எடுத்து அதனோடு இணைத்தார்கள். நாம் திரையில் பார்க்கும் அந்தப் பதைபதைப்பில் ஒரு தகப்பன் தன் மகனைப் பார்த்துப் பதைத்ததும் கலந்திருக்கிறது. இந்தப் பந்தயத்தில் ஒருவர் இறந்துபோனார் என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். அது உண்மையில்லை. அந்த வதந்தி, உயிரைக் காக்க அத்தனை கவனம் எடுத்த கைகளுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் ஓர் உயிர் போனது, வேறு விதமாக. படத்தின் தயாரிப்பாளர் சாம் சிம்பலிஸ்ட். நிறுவனத்தின் எதிர்காலம் முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு ரோமில் மாதக்கணக்கில் உழைத்தவர். 1958 நவம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே மாரடைப்பால் காலமானார். படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1960 ஏப்ரலில் நடந்த விழாவில் 'பென்ஹர்' 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த படத்துக்கான விருதை அவர் மனைவி மேரி சிம்பலிஸ்ட் பெற்றுக்கொண்டார். அந்தப் பெயரை நம்மில் சிலர் வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் இறுதிக்காலம்வரை அவருடைய நெருங்கிய துணையாக இருந்து பணிசெய்தவர் அவரே. சென்னை அடையாற்றில் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்ட அந்த ஞானியின் கதையும் ஹாலிவுட்டின் இந்தப் பெரும்படமும் ஒரு பெண்மணியின் வாழ்வில் வந்து சந்தித்திருக்கின்றன.

பன்னிரண்டு பரிந்துரைகளில் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று, திரைக்கதைக்கான விருது. அதற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. இந்தத் திரைக்கதையில் பல கைகள் வேலை செய்தன. ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டோபர் ஃப்ரை படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்து வசனங்களைச் செப்பனிட்டார். அவர் பெயரும் திரையில் வர வேண்டும் என்று வைலர் வாதாடினார். எழுத்தாளர் சங்கம் கார்ல் டன்பெர்க் ஒருவர் பெயரை மட்டுமே அனுமதித்தது. விருது மேடையில் ஹெஸ்டன் ஃப்ரைக்கு நன்றி சொன்னார். காட்டாமல் விடுவதெல்லாம் கலையாகிவிடாது. உழைத்தவன் பெயரைக் காட்டாமல் விட்டது குறைதான். வேல்ஸ் நாட்டு நடிகர் ஹ்யூ கிரிஃபித்துக்கு முகத்தில் சாயம் பூசி அரபு ஷேக்காக்கியதும் குறைதான், அந்த வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்திருந்தாலும். நேசிக்கிற படைப்பின் குறையைச் சொல்லாமல் விட்டால் நம் நேசம் முழுமையாகாது.

இப்போது அந்தக் கிணற்றடிக்கு வருகிறேன். நான் பேச வந்ததன் நடு இதுதான்.

சங்கிலியில் கோத்த கைதிகளைப் பாலைவெளியில் இழுத்துச் செல்கிறார்கள். நாசரேத்து என்ற சிற்றூரில் நிறுத்தித் தண்ணீர் கொடுக்கிறார்கள். யூதாவின் முறை வரும்போது, இவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று ரோமானியக் காவலதிகாரி சொல்லிவிடுகிறான். யூதா மண்ணில் விழுகிறான். கடவுளே, எனக்கு உதவு என்று முனகுகிறான். அப்போது ஒருவர் வந்து அவன் முகத்தில் தண்ணீர் வார்க்கிறார், குடிக்கக் கொடுக்கிறார். அவருடைய முதுகும் கூந்தலும் கைகளும் மட்டும் நமக்குத் தெரிகின்றன. காவலதிகாரி கத்திக்கொண்டே வருகிறான். குனிந்திருந்தவர் நிமிர்ந்து அவனை நேருக்கு நேர் பார்க்கிறார். நாம் பார்ப்பது அந்த அதிகாரியின் முகத்தை. அதிகாரம் மெல்ல உதிர்கிறது. வார்த்தை வரவில்லை. பார்வையைத் திருப்புகிறான், போகப் பார்க்கிறான், மறுபடியும் திரும்பிப் பார்க்கிறான். தான் எதைக் கண்டோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவன் கண்டதை நாம் காணவில்லை. அதனால்தான் நாம் அதை நம்புகிறோம்.

இயேசுவாக நின்றவர் கிளாட் ஹீட்டர் என்ற ஓபரா பாடகர். பாடகரைத் தேர்ந்தெடுத்தும் அவர் குரலைப் படத்தில் எங்கும் கேட்க முடியாது. மலைப்பிரசங்கக் காட்சியிலும் தொலைவில் ஓர் உருவமும் கேட்டு நிற்கும் மக்களின் முகங்களுமே வருகின்றன. எந்த நடிகரின் முகத்தை வைத்தாலும் கோடானுகோடி மனங்களில் இருக்கும் ஒரு முகத்தோடு அது போட்டியிட வேண்டியிருக்கும், போட்டியிட்டுத் தோற்றிருக்கும். வைலர் அந்த இடத்தைக் காலியாக விட்டார். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் இருப்பதை அங்கே வைத்துக்கொண்டார்கள். 2016-இல் இதே கதையை மீண்டும் எடுத்தார்கள். அதில் கிறிஸ்துவின் முகமும் தெரிகிறது, குரலும் கேட்கிறது. கணினி வரைகலை வசதியெல்லாம் இருந்தும் அந்தப் படம் நிலைக்கவில்லை. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். வாலஸ் ஏற்றுக்கொண்ட அந்த ஒளிக்கற்றையை அவர்கள் கைவிட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

அடக்கமுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதை மனித ஒழுக்கமாக மட்டுமே நாம் படிக்கிறோம். கலைக்கும் அது பொருந்தும் என்பேன். ஒன்றும் இல்லாதவன் அடங்கி நிற்பதில் பெருமை இல்லை. 1.5 கோடி டாலரும், 18 ஏக்கர் அரங்கமும், உலகின் மிக அகலமான திரைகளில் ஒன்றும் கையில் இருக்கும்போது, இந்த இடத்தில் நான் ஒன்றும் காட்டப்போவதில்லை என்று சொல்ல ஒரு கலைஞனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கடைசியாக ஒன்று. படத்தின் இறுதியில், சிலுவை சுமந்து ஒருவர் எருசலேம் தெருவில் வீழ்கிறார். யூதா அவரை அடையாளம் கண்டுகொள்கிறான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். தன் தாகத்துக்குத் தண்ணீர் தந்தவரின் தாகத்துக்கு அதே தண்ணீரைத் திருப்பித்தர ஓடுகிறான். காவலர்கள் தள்ளிவிடுகிறார்கள். தேர்ப்பந்தயத்தில் வென்றும் ஆறாத அவன் பகை, அந்தத் தெருவில்தான் தளரத் தொடங்குகிறது. பிறகு மழை பெய்கிறது. சிலுவையடியில் சிந்திய ரத்தம் மழைநீரில் கலந்து ஓடுகிறது. தொழுநோயால் ஒதுக்கப்பட்ட அவன் தாயும் தங்கையும் குணமாகிறார்கள். கப்பலும் கடலும் கிணறும் மழையுமாகத் தண்ணீர்தான் இந்தக் கதையை முழுதும் நடத்தி வந்திருக்கிறது என்று அப்போது நமக்குப் புரிகிறது.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்க்கும்போது குதிரைகளைப் பாருங்கள்; ஆசைதீரப் பாருங்கள். அதன்பின் கிணற்றடிக் காட்சியை இன்னொருமுறை போட்டு, அந்தக் காவலதிகாரியின் முகத்தைக் கவனியுங்கள். தண்ணீர் கொடுத்தவரின் முகம் அந்த முகத்தில் தெரியும்.